தொப்புள் துணி

காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் ரத்தம் பட்டிருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை இறுகிவிடும். ஒரு ராத்திரி ஊறினால் தண்ணீர் டீச்சாயம் போல ஆகும், துணி கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். இது எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கக் குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு வந்த நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். நேரில் பேசினால் எனக்குக் குரல் வருவதில்லை. அதனால் எழுதித் தருகிறேன். நேற்று வேதமுத்து அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் துணி துவைத்தவர், அவ்வளவுதான். அவரை விட்டுவிடலாம்.

நான் இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஸ்டோரும் லேபும் பார்க்கிறேன். அப்பா சூசையப்பன் தேயிலையில் கவாத்து வெட்டுகிறார். பாலக்காட்டில் மடத்து ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படித்தேன். எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதனால் எல்லாரும் என்னைப் பீயெஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைவிட அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இந்த வருஷம், எழுபத்து நாலு ஜனவரியில், கம்பெனியிலிருந்து துரைக்கு ஒரு கடிதம் வந்தது. துரை என்றால் மேனேஜர், இங்கே அப்படித்தான் சொல்வோம். பிரசவ வார்டின் செலவு செப்டம்பர் முடிவதற்குள் பாதியாகக் குறைய வேண்டும், இல்லையென்றால் வார்டை மூடிவிட்டு பெண்களை டவுனுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது.

டவுனுக்கு ஜீப்பில் இரண்டு மணி நேரம். மழைக்காலத்தில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. எங்கள் அம்மா அந்த ரோட்டில்தான் இறந்தாள். ஜீப்பின் பின்சீட்டில், தம்பியின் தலை வெளியே வந்து நின்றுபோன நிலையில். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குப் பதினோரு வயது. வார்டு அதற்குப் பிறகு வந்தது.

என் அக்கா கத்தரீனாளுக்கு அம்மாவின் இடுப்பு. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. கடிதம் வந்தபோது அவளுக்கு மறுபடி இரண்டு மாதம். ஆகஸ்டில் பிறக்கும். வார்டு ஆகஸ்டில் திறந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் திறந்திருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் தேவையில்லை.

செலவை எங்கே குறைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் குழியைப் பார்த்தேன். பாதிச் செலவு குழியில் எரிந்துகொண்டிருந்தது. அதை எரிப்பதற்கும் செலவு. சலைன் பாட்டில்களைப் போடிநாயக்கனூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பஞ்சு கொடுக்க ஒப்புக்கொண்டார். துணியை வேதமுத்து அண்ணனிடம் காண்ட்ராக்ட் விட்டேன். அவர் நாலாம் லயத்தில் இருக்கிறார். பாக்டரி ரோலரில் இரண்டு விரல் போனபின் அவருக்கு வேலை இல்லை. இரண்டு மாடு மட்டும் வைத்திருந்தார்.

"எட்டு வெரலால தொவைக்கிறவனுக்கு ரெண்டு வெரலு கூலி பிடிப்பியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"பிடிக்க மாட்டேன் அண்ணே."

"அப்பச் சரி. பீயெஸ்ஸி படிச்ச பிள்ள, கணக்கா இருக்கும்னு பயந்துட்டேன்."

துவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கம்பியில் வெயிலில் காயப்போட்டு, வெட்டி மடித்து, டிரம்மில் அடுக்கி, ஆட்டோகிளேவில் வைப்போம். அது பெரிய பிரஷர் குக்கர் மாதிரி, அழுத்த நீராவியில் அரை மணி நேரம் துணியை வேக வைக்கும். வெளியே வந்ததும் டிரம்மில் ஒரு சீட்டு ஒட்டுவேன். நீராவி காட்டிய தேதி, என் கையெழுத்து. வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர் அந்தத் துணியை முகர்ந்து பார்த்து, "கொள்ளாம் கொச்சே" என்றார், நன்றாயிருக்கிறது பெண்ணே என்று மலையாளத்தில். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம். மே மாதம் செலவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அதுவரை நான் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜூனில் மழை பிடித்தது. கம்பியில் துணி காயவில்லை, நாலு நாளில் பூஞ்சை பிடித்தது. வேதமுத்து அண்ணன் தன் வீட்டில் அடுப்புக்கு மேலே காயவைத்துத் தருகிறேன் என்றார். அதே வாரம் மண்ணெண்ணெய் வரவில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான் இருந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆட்டோகிளேவுக்கு அடியில் இரண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிய வேண்டும். விறகு மட்டும்தான் இருந்தது. விறகில் அண்டாவை வைத்து, அவரிடமிருந்து காய்ந்து வந்த துணியைக் கொதிக்கவைத்து, அதே அடுப்புச் சூட்டில் உலர்த்தினேன்.

கொதிக்கும்போது தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்று நாலரை டிகிரி. இன்னொரு முறை பார்த்தேன். அதேதான். இங்கே ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரம், தண்ணீர் நூறு டிகிரியை எட்டாது, அதற்கு முன்பே கொதித்துவிடும். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற சில கிருமிகள் ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி கிடக்கும். நூறு டிகிரியில் கொதித்தாலே அவை எல்லாம் சாகாது. அழுத்த நீராவிதான் வேண்டும். இது கல்லூரிப் பாடம். பரீட்சையில் கேட்டார்கள், எழுதியிருக்கிறேன்.

ஜூன் பதினேழாம் தேதி, அண்டாவில் கொதித்த துணி இருந்த டிரம்மில் நீராவி காட்டியதாகச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

வார்டில் பிரசவம் பார்ப்பவர் செபமாலையம்மாள் அக்கா. அவர் சீட்டைப் பார்ப்பார், டிரம்மைத் திறப்பார், குழந்தையின் தொப்புளைக் கட்டி அதன்மேல் துணியைச் சுற்றுவார். என்னை ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை.

"ஏட்டி பீயெஸ்ஸி, துணியில பொகை வாசம் வருது. கருவாடு சுட்டீங்களாட்டி?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

"மழைக்கா. அடுப்புக்கு மேல காயுது."

"பொகை நல்லதுதான். பூச்சி அண்டாது" என்று சிரித்தார்.

இங்கே பிரசவமானவர்கள் மூன்றாம் நாள் லயத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்கு என்ன ஆனாலும் அதற்குப் பிறகு லயத்தில்தான் ஆகும். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை போனால் சாமியாருக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஆண்கள் இரண்டு பேர் தேயிலைக் காட்டு ஓரத்தில் புதைத்துவிட்டு வருவார்கள். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் அந்தப் பிள்ளை நல்லபடியாக வீட்டுக்குப் போன பிள்ளை. டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அவர் மேலும் குற்றம் இல்லை.

எனக்குத் தெரிந்தது வேறு வழியில். ஜூலை முதல் வாரம் பாஸ்கல் மருந்து ஜன்னலுக்கு வந்தான். இரண்டாம் லயத்துக்காரன், ஸ்ப்ரே அடிக்கிறவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"தங்கச்சி, அவளுக்கு மார்ல பால் கட்டிக்கிச்சு. கையத் தூக்க முடியல. வத்துறதுக்கு மாத்திரை இருக்குமா?"

"பிள்ளை குடிக்கலையா?"

"பிள்ள போயிருச்சு. செவ்வாக்கிழமை. ரெண்டு நாளா வாயே தெறக்கல. தொட்டா வெறைக்கும். முதுகு வில்லு கணக்கா வளஞ்சிருச்சு. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு எங்காத்தா சொல்லுது. நாங்க என்ன வச்சிருக்கோம் கண்ணு வைக்க" என்றான்.

எத்தனை நாள் பிள்ளை என்று கேட்டேன். எட்டு நாள் என்றான். மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். காலையும் ராத்திரியும் என்று சொன்னேன்.

எட்டு நாள், திறக்காத வாய், வில்லாக வளைந்த முதுகு. இதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு, அந்தச் சாணிக் கிருமி தருகிற நோயின் பெயர். நான் அதை அன்றைக்கு மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. ஒன்று என்பது தற்செயலாக இருக்கலாம்.

அடுத்த வாரம் ஐந்தாம் லயத்திலிருந்து ஒருத்தியின் மாமியார் அதே மாத்திரை கேட்டு வந்தாள். அன்று சாயங்காலம் வேதமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மழைக்காக மாடுகளை வீட்டுக்குள் கட்டியிருந்தார். அடுப்புக்கும் மாட்டுக்கும் நடுவில் கயிறு. கயிறு நிறையக் காஸ் துணி. மாடு வாலை வீசும்போது கீழ் ஓரங்கள் ஆடின. தரை சாணி மெழுகியது. அவர் எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்.

"நல்லாக் காயுதா தங்கச்சி? கொறை ஏதும் உண்டா?"

"இல்லண்ணே. கயித்த மட்டும் ஒரு முழம் ஒசத்திக் கட்டிருங்க."

அவர் அப்போதே எழுந்து உயர்த்திக் கட்டினார். அதைத்தான் சொன்னேன் அவரிடம். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூலை நடுவில் மண்ணெண்ணெய் திரும்ப வந்தது. முன்பு வந்ததில் பாதி. ஆட்டோகிளேவை மறுபடி பற்றவைத்திருக்கலாம்தானே என்று நேற்று கேட்டீர்கள். பற்றவைத்திருக்கலாம். ஆனால் ஜூன் மாதச் செலவு மே மாதத்தைவிடவும் குறைந்திருந்தது. துரை அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். இதே அளவு செப்டம்பர் வரை நிற்க வேண்டும் என்று பதில் வந்திருந்தது. அது மட்டுமில்லை. நான் மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று சொல்ல வேண்டிவரும். சொன்னால் டாக்டர் வார்டைப் பூட்டிச் சுண்ணாம்பு அடித்து, மேலே எழுதுவார். பூட்டின வார்டைக் கம்பெனி திறக்காது. அக்காவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மழையில் ரோடு இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. படுக்கும்போதெல்லாம் அம்மாவின் கால் என் கையில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி இல்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஐம்பத்திரண்டு பிரசவம். ஒரு தாய்கூடச் சாகவில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகள் இருக்கின்றன. வார்டு இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களை இங்கே வரவழைத்தது அந்த மாத்திரைதான். செப்டம்பர் கடைசியில் அது தீர்ந்துபோனது. நான் ஒழுங்காக இண்டெண்ட், அதாவது மருந்து கேட்கும் சீட்டு, எழுதினேன். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "கொச்சே, இத்ரயும் எந்தினா?" என்றார். இவ்வளவும் எதற்கு என்று கேட்டார். அவர் குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்து போனார். முதல்முறையாக.

மீதி ஒன்றுதான் இருக்கிறது.

அக்காவுக்கு ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி வலி வந்தது. முந்தின நாளே நான் ஸ்டோரில் இருந்த புதுக் காஸ் ரோல் ஒன்றைப் பிரித்து வெட்டி வைத்துவிட்டேன். வீட்டு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுபோய் ஆட்டோகிளேவைப் பற்றவைத்தேன். அரை மணி நேரம் போதும். நான் ஒரு மணி நேரம் வைத்தேன்.

செபமாலையம்மாள் அக்கா தனியாக இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "ஒங்க அக்காவுக்கு மட்டும் கடைச்சரக்காட்டி?"

"அக்காதானேக்கா."

"சரி சரி. நான் பாக்கல" என்று கண்ணடித்தார். ஸ்டோர்க்காரி தன் வீட்டுக்குச் செய்கிற சலுகை என்று நினைத்துக்கொண்டார். ஆண் பிள்ளை பிறந்தது. அக்காவுக்குக் கிழிந்தது, ரத்தம் போனது, பிழைத்துக்கொண்டாள். டவுனுக்குப் போகிற வழியாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் கமலாத்தாள் இருந்தாள். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஆறுமுகசாமியின் மனைவி, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரி. தாய்வீட்டுக்குப் போகாமல் இங்கேயே பெற்றுக்கொள்ளலாம், வார்டு சுத்தமாக இருக்கிறது என்று அவள் கணவர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து அவளுக்கும் பிறந்தது. அவளும் என்னைப் போல மெதுவாகப் பேசுகிறவள்.

"ஏனுங்க அம்மிணி," என்றாள், "அந்தப் பையனுக்குக் கட்டுனீங்களே, அந்தத் துணி பளிச்சுன்னு இருந்துச்சுங்க. எம்பையனுக்கும் அதையே கட்டுவீங்களா?"

"எல்லாம் ஒண்ணுதாங்க" என்றேன்.

புதுத் துணி இன்னும் நாலு கட்டுக்கு மீதி இருந்தது. என் கையில்தான் இருந்தது. அவள் பிள்ளைக்கும் அதைக் கட்டி, இரண்டு பிள்ளைகளும் பிழைத்துவிட்டால், மற்றவை போனது துணியால்தான் என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. புதுத் துணியை மடித்து அலமாரியில் வைத்தேன். டிரம்மைத் திறந்து செபமாலையம்மாள் அக்காவிடம் நீட்டினேன்.

ஒன்பதாம் நாள் ஆறுமுகசாமி ஜன்னலுக்கு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மாத்திரையை எண்ணி வைத்துவிட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அக்காவுக்கு நல்லபடியாகப் பிறந்த பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். அக்கா மகன் நன்றாக இருக்கிறான், கமலாத்தாளின் மகன் போய்விட்டான். ஆனால் ஒன்று பிழைத்ததையும் ஒன்று போனதையும் மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்றுதான் எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் செப்டம்பர் முழுக்கவும் அதே டிரம்மைத்தான் திறந்து கொடுத்தேன்.