நாற்பத்தொரு குளவிகளும் பேராசிரியர் பத்மாவதியும்

மேடையிலே வீற்றிருக்கும் பல்கலைக்கழகப் பெரியவர்களே, கண்கலங்கி நிற்கும் மாணவச் செல்வங்களே, வெள்ளவத்தை உறவுகளே! நான் கொட்டாஞ்சேனை ஐறீன் பேர்னாட். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் என் மூத்த பேரன் கட்டாரில் என்ஜினியர். அடுத்தவள் தாதிப் பயிற்சியில் முதலாவதாக வந்தவள். கடைக்குட்டி போன மாதம் பேச்சுப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் எடுத்தவன்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? மூன்று வருடமாக இதையெல்லாம் சலிக்காமல் கேட்ட ஒரே மனுஷி பேராசிரியர் பத்மாவதி அவர்கள்தான்!

என் மாடி பல்கனியில் குளவி கூடு கட்டியது. கொளுத்தப் போனேன். கீழ்வீட்டில் தங்கிப் படிக்கும் நளீபா ஓடிப்போய்த் தன் பேராசிரியரைக் கூட்டி வந்தாள். அன்று தொடங்கியது. ஒவ்வொரு குளவிக்கும் முதுகில் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் பொட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர். கடுகில் பாதிகூட இல்லாத மூளை, வீட்டாளையும் பிறத்தியாளையும் எப்படிப் பிரித்தறிகிறது? இதைத்தான் மாணவரோடு உட்கார்ந்து தேடினார். நான் பேரனின் பதவி உயர்வைச் சொன்னால், "என்ர பதினேழாம் நம்பரும் லேசுப்பட்டவ இல்லை அக்கா. நேற்றுத்தான் முதன்முதலா வெளியில போய் இரை கொண்டுவந்தவ" என்பார்.

டெங்குப் புகை அடிப்பவர்கள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தாலே அவருக்குக் கோல் எடுப்பேன். திரீவீலில் விரைந்து வருவார். கூட்டை ஈரச் சேலையால் மூடுவார். சிங்களத்தில் மன்றாடி அவர்களைத் திருப்பி அனுப்புவார்.

பேராசிரியரின் தகனம் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் புகைக்காரர்கள் வந்தார்கள். நான் கோல் எடுத்தேன். அவருக்குத்தான் எடுத்தேன்! மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும்போதுதான் நினைவு வந்தது. இனி யாரைக் கூப்பிடுவேன்? இந்த முழங்காலோடு ஒழுங்கையிலிருந்து நான் மாடி ஏறுவதற்குள் புகை ஏறிவிட்டது.

நளீபாவின் ஆராய்ச்சி முடிய மூன்று கிழமைதான் இருந்தது. வந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அழ வேணாம் ஆன்ட்டி. மெடம் இருந்தா எண்ணத்தான் சொல்லுவாங்க. வாங்க, எண்ணுவோம்."

செத்து விழுந்து கிடந்த குளவிகளை எண்ணினோம். நாற்பத்தொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நான் என்னவென்று சொல்வேன்? குளவியைக் கூப்பிட எனக்குத் தெரியுமா? பல்கனிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இன்னொன்று. இங்கே மாலை போட்ட படத்தில் பட்டமளிப்பு அங்கியோடு விறைத்து நிற்பவரை எனக்குத் தெரியாது. அவர் சும்மா சிரித்துக்கொண்டிருக்கும் படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், புதிதாக ஒரு பிரதி கழுவித் தபாலில் போடுங்கள் பிள்ளைகளே. விலாசம் நளீபாவிடம் இருக்கிறது.