தேர்ச்சி பெற்றால் நின்றுபோகும் திருமணம்

ஆம்பூரிலிருந்து வேலூர் செல்லும் பேருந்தில், காலணித் தொழிற்சாலையின் அடையாள அட்டை அணிந்த இளைஞர் இருவர் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். பள்ளிகொண்டாவைக் கடக்கையில் சன்னலோரம் இருந்தவன் சொன்னான்:

“இந்தப் பரீட்சைல பாஸாயிட்டா என் கல்யாணம் நின்னுடும் போலடா.”

“இன்னாடா சொல்ற? பாஸானா நல்லதுதானே? கம்ப்யூட்டர் ஹெல்ப்டெஸ்க்ல எத்தன வருஷம்தான் ‘சார், ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ன்னு சொல்லிக்கினு இருப்ப?”

“அதுலேர்ந்து மேல போகத்தான் செக்யூரிட்டி சர்டிபிகேட் எடுக்கறேன். பொண்ணோட அப்பா, ‘இன்னா படிக்கிறீங்க?’ன்னாரு. செக்யூரிட்டின்னேன். மனுஷன் மூஞ்சி சுண்டிப்போச்சு.”

“ஏன்?”

“கேட்டாண்ட விசில் ஊதறவன்னு நெனச்சுட்டார்டா.”

தோழன் சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நெட்வொர்க்கிங் எழுது, தோஸ்த்.”

“அது இன்னும் பேஜாரு. ஆள் சேத்து சோப்பு விக்கிறவன்னு முடிவு பண்ணிடுவாரு. செக்யூரிட்டியேதான். கம்ப்யூட்டருக்குள்ள திருடன் வராம காக்கற வேலன்னு நாளைக்கு நேர்ல போய்ச் சொல்லிடறேன்.”

அப்போது அவனுடைய கைப்பேசி ஒலித்தது. திரையைப் பார்த்ததும், “பொண்ணோட அப்பாடா” என்று கிசுகிசுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சொல்லுங்க மாமா... உங்க தோல் கம்பெனிலயே எடம் காலியா? பரீட்சையே வேணாமா? இல்ல மாமா, அது வந்து...”

மறுமுனை அவனைப் பேச விடவில்லை. தோழன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். சற்று நேரம் கழித்து இவன் பணிவோடு விடையளித்தான்:

“உயரமா? அஞ்சடி ஆறு அங்குலம், மாமா.”