கவிழ்த்த சாடிக்கு அடியில் இருந்த கிழங்கு

பெயர் ஹில்டா சக்டன், வயது 68, கணவர் வால்டர் சக்டன் (காலமானார்), விலாசம் வேக்ஃபீல்டு அருகே மில் சந்தின் கடைசி வீடு, நகராட்சி வாடகைக் குடியிருப்பு. விசாரித்ததில் சொல்வதாவது:

நான் மேற்படி வீட்டில் கல்யாணமான நாள் முதல் குடியிருந்து வருகிறேன். புகார் கொடுத்த திரு. டெரிக் ஹெய் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் அனுபவமுள்ள தோட்டக்காரர் என்று புகாரில் இருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்கிற புளிப்பு ருபார்ப் தண்டை அடியில் பிடித்துத் திருகி இழுக்கத் தெரியாமல் ரொட்டிக் கத்தியால் அறுக்கிற ஆளை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லை.

அவருடைய ருபார்ப் இந்த வசந்தத்தில் முளைக்கவில்லையாம், நான் வேலி வழியாகக் களைக்கொல்லி ஊற்றிவிட்டேனாம். என் கொட்டகையில் களைக்கொல்லி டப்பா இருந்தது உண்மை. நடைபாதைப் புல்லுக்கு வாங்கியது. அவர் கொட்டகையிலும் அதே டப்பா இருக்கிறது. ஆனால் புகார் ருசுவானால் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும் என்று நகராட்சி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன்.

குளிர்காலத்தில் நன்றாகத் திரண்ட ருபார்ப் கிழங்கின் மேல் மண்சாடியைக் கவிழ்த்து வைத்தால் வெளிச்சம் படாமல் தண்டு இளஞ்சிவப்பாக, பருவத்துக்கு முன்பே வரும். அதோடு கிழங்கு ஓய்ந்துவிடும். அடுத்த வருஷமும் மூடினால் செத்துவிடும். மறந்து மூடிவிடாமல் இருக்க என் கணவர் மூடிய கிழங்கின் கழுத்தில் செப்புக் கம்பி ஒன்று சுற்றி முறுக்கி வைப்பார். அவர் நோயில் கிடந்த குளிர்காலத்தில், கம்பி கட்டிய கிழங்கையே மறுபடி மூடினார். அதுதான் சமையலறை வாசலுக்குப் பக்கம், அவரால் நடந்துபோக முடிந்த தூரம். செத்துப்போகும் என்றேன். "போகட்டும்டி. எனக்கு இந்த வருஷத்துத் தண்டு போதும்" என்றார். அதன் பிறகு அவரே குனிந்து இரண்டாவது கம்பியையும் கட்டினார். தண்டு வந்தது. வேகவைத்துக் கஸ்டர்டு ஊற்றிக் கொடுத்தேன், இரண்டு கரண்டி சாப்பிட்டார். அதன் பிறகு அவர் இறந்தார், கிழங்கும் போயிற்று. சாடியை நான் எடுக்கவில்லை. ஏன் என்று காவலர் கேட்டதற்கு, அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னேன்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு ஸ்கார்பரோவில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது சாடி கோணலாக இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கிழங்கைக் காணோம். சாடி கவிழ்ந்திருந்தால் அடியில் இருப்பது தோட்டத்திலேயே முதல்தரக் கிழங்கு என்று எங்கள் ஊரில் திருடனும் நினைப்பான். தொட்டுப் பார்த்தால் செத்தது என்று தெரிந்திருக்கும். அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். குப்பை களவு போனதென்று யார் புகார் கொடுப்பார்கள்? நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு டெரிக், தன் தோட்டத்தில் புதிதாக நட்டது லீட்ஸில் இருக்கும் மாமா கொடுத்த ருபார்ப் கிழங்கு என்றும், கோடைக் கண்காட்சியில் முதல் பரிசு தனக்குத்தான் என்றும் கடையில் பீற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த மாமாவை எனக்குத் தெரியும். அடுக்குமாடியில் இருக்கிறார், தொட்டிச்செடிகூடக் கிடையாது.

இன்று காலை, டெரிக் தோட்டத்தில் நட்டிருக்கும் கிழங்கின் கழுத்தில் இரண்டு கம்பி இருக்கும் என்று காவலர் ப்ரூக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோண்டிப் பார்க்கக் கேட்டுக்கொண்டேன். "எதுக்கு ஹில்டாம்மா தோண்டணும்? நீங்க ஊத்துன விஷம் மண்ணுலதான இருக்கு" என்றார் டெரிக். காவலர் தோண்டினார். கிழங்கு அழுகியிருந்தது. கம்பி இரண்டும் பச்சை பிடித்து அப்படியே இருந்தன.

"மாமா கம்பியோடவா குடுத்தாரு, தம்பி?" என்று கேட்டேன். அவர் குனிந்து கிழங்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்ப இது முளைக்கவே முளைக்காதா?" என்று என்னிடமே கேட்டார். காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருட்டுப் புகார் கொடுக்கிறீர்களா என்றார்கள். வேண்டாம். கிழங்கை அவரே வைத்துக்கொள்ளட்டும், அவருக்கு அதுவே ஜாஸ்தி. சாட்சியப் பொருள் என்று உறையில் போட்டு வைத்திருக்கும் கம்பிகள் மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும். முறுக்கை யாரும் பிரிக்கக் கூடாது.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். டெரிக் பெயருக்கு முன்னால் 'திரு' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், முடியாது என்றார்கள். அது ஒன்று தவிர மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஹில்டா சக்டன்