நைட்ரஜனை நிறுத்தியாச்சு

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாதி வாழ்க்கை சர்க்கரையோடு மாரடித்தவன், நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

எங்களுடையது சோளத் தட்டையிலிருந்து எடுக்கும் சர்க்கரை. அதைத் தின்று உடம்புக்குள் பிளாஸ்டிக் சேர்க்கும்படி ஒரு கிருமியின் மரபணுவை மாற்றினேன். மண்ணில் போட்டால் மக்கிப்போகும் பிளாஸ்டிக். சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். சர்க்கரையை வாரிக் கொடுத்துவிட்டு, நைட்ரஜன் உப்பை மட்டும் நிறுத்திவிட வேண்டும். கிருமி வளர வழியில்லாமல் தவிக்கும். தின்றதையெல்லாம் பிளாஸ்டிக் மணிகளாக உள்ளே பதுக்கும். இதைத்தான் 'நைட்ரஜனை நிறுத்தியாச்சு' என்போம்.

அதே பேச்சுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பெரிய தொட்டி காலியாக இருக்கும்போது வேறு கிருமி குடியேறாமலிருக்க நைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டு வைப்போம். வாசனை கிடையாது. அதில் இறங்கினால் நாலு மூச்சு தாங்காது. ஆள் இறங்குவதற்கு முன் அந்த வாயு வரும் வால்வை மூடி, நல்ல காற்றை ஓடவிட்டு, பிராணவாயு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அது மேலே நிற்பவரின் பொறுப்பு.

என் மனைவியின் தம்பி என்னிடம்தான் வேலை பார்த்தான். கெட்டிக்காரன். அக்காவைவிட அந்தக் கிருமி மேல்தான் மாமாவுக்குப் பாசம் என்று எல்லோர் முன்னாலும் என்னை ஓட்டுவான். நானும் சிரிப்பேன்.

கொஞ்ச காலமாகப் பிளாஸ்டிக் குறைந்துகொண்டே வந்தது. நான் வைத்த மரபணுவைக் கிருமி தூக்கி எறிந்துவிட்டு, சர்க்கரையைத் தின்று சும்மா கொழுத்தது. இது எனக்கு முன்பே தெரியும். தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. முதலாளி கையை விரித்துவிட்டால் கிருமியைக் கொன்று சாக்கடையில் ஊற்றிவிட்டு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். முன்பு எடுத்து வைத்த பிளாஸ்டிக் பொடியைக் கலந்து எடை காட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மச்சினன் மோப்பம் பிடித்துவிட்டான். முதலாளியிடம் சொல்லியே தீருவேன் என்றான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், கடைசியில் அழுதும்விட்டேன். அவன் மனம் இளகிவிட்டது. ஒருவேளை கோளாறு கிருமியில் இல்லாமல் தொட்டிச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் பழைய படலத்தில் இருக்கலாம், சுரண்டி எடுத்துச் சோதித்தால் என் மேல் பழி வராது என்றான். எனக்காகத்தான் இறங்கினான். அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் சுவரில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரிந்துவிட்டால் எனக்குப் போக்கிடமே இல்லை.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தொட்டி வாய்க்குள் காலைத் தொங்கப்போட்டபடி கேட்டான்.

"நைட்ரஜனை நிறுத்தியாச்சா மாமா?"

கொஞ்சம் தள்ளி, மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. பழைய குணம் மாறாத கிருமியில் மிச்சம் அவ்வளவுதான். காலையில்தான் அதற்கு நைட்ரஜன் உப்பை நிறுத்தியிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"நிறுத்தியாச்சுப்பா."

மீட்டரை அவன் கேட்கவில்லை. என் வாய் வார்த்தையே போதும் அவனுக்கு.

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. மனைவியிடமும் இதையேதான் சொன்னேன். அவள் அழக்கூட இல்லை. "அவன் எந்த நைட்ரஜனைக் கேட்டான்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பாவம், எங்கள் வேலையின் நெளிவு சுளிவு அவளுக்குப் புரியாது.

உள்ளே இரண்டு தடவை சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு கயிறு என் கையில் கனத்தது. உடனே இழுத்திருக்கலாமே என்பீர்கள். இழுத்திருக்கலாம்தான். ஆனால் குடுவையில் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டுப் போய், அளந்து ஊற்றி, நன்றாகக் கலக்கிவிட்டு வந்துதான் இழுத்தேன். அதுவும் ஓர் உயிர்தானே, ஐயா. கண்ணெதிரே சாகவிட எனக்கு மனம் வரவில்லை.