பெட்டிகளை இடம் மாற்றிச் செருகியிருக்கிறோம், அக்கா!

பார்வையற்றோர்க்குப் புத்தகங்களைக் குரலாக்கித் தரும் எங்கள் ஒலிநூலகத்தின் ஒளியே! ஆயிரம் குரல்களை ஐந்து டிஸ்க் பெட்டிகளில் அடைகாத்த அன்பே! பேர் பிசகாப் பெருமனமே! பணி நிறைவு காணும் எங்கள் டிஸ்க் அக்காவே! வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இம்மடல் முடியும்வரை நீங்கள் நாற்காலியை விட்டு எழக் கூடாது. முன்வரிசையில் இருக்கும் உங்கள் மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

நீங்கள் வந்த காலத்தில் நம் லினக்ஸ் கணினிக்கு ஒரு குணம் இருந்தது. எந்த டிஸ்க் முதலில் கண்விழிக்கிறதோ அதற்கே முதல் பெயர். நேற்றைய இரண்டாவது இன்று மூன்றாவது. ஊர்களெல்லாம் இரவோடிரவாகப் பெயரை மாற்றிக்கொண்டால் காலை ரயில் எங்கே போய் நிற்கும்? அதனால் ஒவ்வொரு பெட்டியாக, அதன் விளக்கு மினுக்காமல் நிலைக்கும்வரை காத்திருந்து, உங்கள் கையாலேயே எழுப்பினீர்கள். அந்த வரிசை உங்களுக்கு மட்டுமே அத்துப்படி. மின்சாரம் போய் வந்தால் உங்களைத்தான் தேடுவோம். விடுப்பில் இருந்தாலும் விட்டதில்லை.

மகளின் பள்ளிப் பரிசளிப்பு விழாவன்றும் அப்படித்தான். வராந்தாவில் போனும் கையுமாக நின்று, "ரெண்டாவதப் போடுங்க... பொறுங்க, பொறுங்க, விளக்கு நிக்கட்டும்" என்று எங்கள் கணக்கருக்கு வழிசொல்லிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே கைதட்டல் எழுந்து அடங்கியது. கோப்பையோடு வெளியே வந்த மகள் கேட்டாளாம்: "எல்லா டிஸ்கும் வந்துருச்சாம்மா? நானும் வந்துட்டேன்."

ஒருநாள் மின்சாரம் விட்டுவிட்டு வந்து, ஐந்து பெட்டிகளும் ஒன்றாக விழித்தன. பெயர்கள் இடம் மாறின. தினமும் நகலெடுக்கும் நிரல் பழைய பெயரை நம்பி, நகல் டிஸ்க் என்றெண்ணி மூலப்பதிவு டிஸ்கின் மேலேயே எழுதிவிட்டது. நம் வாசிப்பாளரான ஓய்வுபெற்ற தபால்காரர் மாதக்கணக்கில் வாசித்த நாவல் மட்டும் காற்றோடு போயிற்று. நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். அவரோ, "விடும்மா! போன தடவ நாயகி சாகுறப்ப எனக்கு இருமல் வந்துருச்சு. இந்தத் தடவ நல்லாச் சாகடிச்சிரலாம்" என்றார்.

அதன் பிறகுதான் அந்தப் பெரிய மாற்றத்தைச் செய்தீர்கள். ஒவ்வொரு டிஸ்கையும் தயார்படுத்தும்போதே அதனுள் நீண்டதோர் அடையாள எண் பதிந்துவிடும். எந்தத் துளையில் செருகினாலும், எப்போது விழித்தாலும் அது மாறாது. கணினி எழும்போது படிக்கும் கோப்பில் விழிப்பு வரிசைப் பெயர்களைக் களைந்து, அந்த எண்களை எழுதினீர்கள். வெளியே யார் முந்தினாலும் பிந்தினாலும், மூலப்பதிவு மூலப்பதிவாகவே வரும்; நகல் நகலாகவே நிற்கும்.

"இனிமே உங்கள யாருக்கா தேடுவா?" என்று எலக்ட்ரீஷியன் வம்புக்கு இழுத்தபோது, "தேடாம இருக்கத்தானப்பா இவ்ளோ பாடு" என்றீர்கள். தன்னைத் தேடும் தேவையைத் தானே தீர்த்துவைத்த தகைமையை வேறு யாரிடம் காண்போம்!

ஆனால் அக்கா, எண்களை நம்பிய நீங்கள் எங்களை நம்பவில்லை. எந்த விழாவிலும் விளக்கு ஒருமுறை மினுக்கினால் போதும், பாதிச் சாப்பாட்டில் டிஸ்க் பெட்டிகள் இருக்கும் அறைக்கு ஓடிவிடுவீர்கள். ஒரு நிகழ்ச்சியையாவது நீங்கள் முழுதாக உட்கார்ந்து பார்த்ததுண்டா?

ஆகவே சொல்கிறோம். இன்று மதியம் கணினியை அணைத்துவிட்டோம். ஐந்து பெட்டிகளையும் கழற்றி, வேண்டுமென்றே துளை மாற்றிச் செருகிவிட்டோம். இந்த வரி வாசிக்கப்படும்போது கணக்கர் பக்கத்து அறையில் பொத்தானை அழுத்துகிறார். உட்காருங்கள் அக்கா! மூலப்பதிவு தன் இடத்தில் வந்து அமர்ந்தால், அதிலுள்ள மிகப் பழைய பதிவு இந்த மண்டப ஒலிபெருக்கியில் கேட்கும். வராவிட்டால் என்ன வாசிப்பது என்று மாற்று வரி எதுவும் நாங்கள் எழுதி வைக்கவில்லை. அதுவே எங்கள் பாராட்டு.

நோயின்றி, நொடிக்கொருமுறை ஒலிக்கும் போனின்றி, மகளோடு மனநிறைவாய் நெடுநாள் வாழ்க! பாதியில் எழாமல் பல விழாக்கள் காண்க!

என்றும் அன்புடன்,
ஒலிநூலகப் பணியாளர்கள்

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் சேர்த்தது: பதிவு கேட்டது. முதன்முதலாக மைக்கைச் சோதித்த அக்காவின் குரல்: "ஹலோ... ஒண்ணு, ரெண்டு... உள்ள கேக்குதுங்களா?" மண்டபமே "கேக்குது!" என்றது. அக்கா எழுந்திருக்கவில்லை. மகள் கையைப் பிடித்திருந்தாள், பிடிக்கத் தேவையிருக்கவில்லை.