மார்கழியில் பனிச்சறுக்கு

மந்தைவெளி ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை. எனக்கு முன்னால் அறுபதைத் தாண்டிய இரண்டு மாமிகள். பச்சைப் புடவை கட்டியிருந்தவர் சொன்னார்:

"இந்த மார்கழிக்கு நான் ஊர்ல இல்லடி. ஸ்விஸ்ல பனியில சறுக்கப் போறேன். பொண்ணு டிக்கெட் போட்டுட்டா."

"சீசன்லயா? உங்காத்துக்காரர் கச்சேரிக்கு யாருடி தம்புரா போடுவா?"

"எலக்ட்ரானிக் தம்புரா வாங்கி வெச்சுட்டேன். ஸ்விட்சைத் தட்டினாப் போறும்."

"முட்டி வலிங்கறியே, விழுந்தா?"

"முதல் நாள் விழத்தான் சொல்லித் தருவாளாம்."

"அவர் என்ன சொன்னார்?"

பச்சைப் புடவை டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"முப்பது வருஷமா அவர் பின்னாடி உட்கார்ந்து போட்டிருக்கேன், ஒருநாள் திரும்பிப் பார்த்ததில்லை. நேத்திக்கு அந்தத் தம்புராப் பெட்டியை வெச்சுண்டு பாடினார். நாலு தடவை திரும்பிப் பார்த்தார்டி!"