காலைக் காட்டச் சொன்ன சிஸ்டர் வாலாம்பாள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! சிஸ்டர் அம்மாவின் அருமை மகள் ஷ்யாமளா அவர்களே! எங்கள் பாதயாத்திரைச் சங்கமான மண்டலின் பொருளாளர், கணக்கில் புலியும் கண்ணீரில் குழந்தையுமான தம்பி தமிழ்செல்வன் அவர்களே! மாட்டுங்காவிலிருந்து ரயில் பாலம் தாண்டி வந்திருக்கும் அம்மாவின் உறவினர்களே! செம்பூர், சீத்தா கேம்ப், குர்லா, விக்ரோலி என்று நாலா பக்கமிருந்தும் வந்து, உட்கார இடமில்லாமல் படியிலும் வாசலிலும் நிற்கும் என் தாராவிச் சொந்தங்களே! மண்டலின் தலைவன் அய்யாத்துரை உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

இரங்கல் கூட்டம் என்று வெளியே போர்டு வைத்திருக்கிறோம். ஆனால் நான் இரங்க வரவில்லை. ஜெயித்துவிட்டுப் போன ஒருவருக்காக எதற்கய்யா இரங்க வேண்டும்? இன்று நான் மார்தட்டத்தான் வந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும், அது அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

வாலாம்பாள் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு தனியாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு வந்தார். "ஷீர்டிக்கு நடந்து போறவா நீங்கதானே? நானும் வரேன்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் பட்டறைக்காரர்கள், டிரைவர்கள், இட்லிக்கடைக்காரர்கள். மாட்டுங்கா மாமி எங்களோடு பள்ளிக்கூட வராந்தாவில் படுப்பாரா? படுத்தார். எங்களைவிடச் சத்தமாகக் குறட்டையும் விட்டார். ஷ்யாமளாம்மா சிரிக்கிறார்கள், பாருங்கள்.

நமக்கெல்லாம் அவர் சிஸ்டர் அம்மா. அதென்ன சிஸ்டர், அதென்ன அம்மா என்று ஒருநாள் கேட்டேன். "மருந்து போடறச்சே சிஸ்டர். திட்டறச்சே அம்மா" என்றார். என்னிடம் அவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருந்தார்.

அந்த முதல் வருஷ யாத்திரையை நீங்கள் மறந்திருக்க முடியுமா? ஷாஹாபூர் தாண்டிய பிறகு ஒரு வியாழக்கிழமை. பாபாவுக்கு உகந்த நாள் என்று பாதிப்பேர் விரதம். அதோ முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, நம் மேளக்காரர் வேல்ராஜ், அவரும் விரதம். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது ஊருக்கே தெரியும். எப்போது பார்த்தாலும் முன்னூறுக்குக் குறையாது. டாக்டர் மாத்திரையைத் தவறவிடாதே என்று சொல்லியிருக்கிறார். எனவே நம் ஆள் என்ன செய்தார்? மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். சோற்றை மட்டும் ஒழுங்காக விட்டுவிட்டார்! வெறும் வயிற்றோடு, வெயிலில், மேளத்தையும் கட்டிக்கொண்டு மத்தியானம் வரை நடந்தார்.

மரத்தடியில் உட்கார்ந்து, மகன் வாங்கிக்கொடுத்த மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தார். அறுபத்திரண்டு! "ஏல, சுகர் இறங்கிருச்சுல! பாபா இறக்கிட்டாருல!" என்று கத்தினார். நாங்கள் கைதட்டினோம். முன்னூறிலிருந்து அறுபதுக்கு வந்தால் அது அற்புதம் இல்லையா? சர்க்கரை இறங்கினால் நல்லது என்றுதானே நமக்கெல்லாம் தெரியும்? ஒருவர் தேங்காய்கூட உடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் வேல்ராஜுக்கு உடம்பு நடுங்கியது. வேர்த்து ஊற்றியது. கண் எங்கேயோ போனது. என்னைப் பார்த்து, தலைவன் என்றும் பார்க்காமல், இந்த மேடையில் சொல்ல முடியாத வார்த்தையால் திட்டினார். நம் திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? "சாமி இறங்கிருச்சு!" என்றாள் ஒருத்தி. உடனே ஒருவன் மேளத்தை எடுத்து அடித்தான். ஒருவன் வேப்பிலை தேடி ஓடினான். நம் இசக்கியம்மாள் திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் அப்பி, "யாருப்பா வந்திருக்கது? என்ன வேணும்னு சொல்லுப்பா" என்று கேட்டே விட்டார்!

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் அந்த அம்மா. "நிறுத்துங்கோ மேளத்தை! இறங்கினது சாமி இல்லைடா, சர்க்கரை! சீனி கொண்டா!" என்றார். தம்பி தமிழ்செல்வன் குறுக்கே விழுந்தார். "சுகர் பேஷண்டுக்குச் சீனியா? கொல்லப் பாக்கீங்களா?" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையிலேயே அவர் இரண்டடி பின்னால் போனார். டீக்காரரிடம் ஒரு பிடி சீனி வாங்கித் தண்ணீரில் கலக்கி, "முழுங்கு, முழுங்கு" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம். சாமி மலையேறியது! வேல்ராஜ் எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, "எவம்ல என் மேளத்தத் தொட்டது?"

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இன்னும் அரை மணி நேரம் நாங்கள் மேளம் அடித்திருந்தால், இன்றைக்கு வேல்ராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டார். சுவரில் படமாகத்தான் இருந்திருப்பார்.

ஊர் திரும்பியதும் பொதுக்குழு கூடியது. எல்லோருக்கும் பயம். வழியில் ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது? "சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதயாத்திரையில் அனுமதி இல்லை" என்று தம்பி தமிழ்செல்வன் தீர்மானம் கொண்டுவந்தார். போர்டே எழுதியாகிவிட்டது. நண்பர்களே, எனக்கும் சர்க்கரை உண்டு. என் அண்ணனுக்கு இருந்தது, அவர் காலை எடுத்தார்கள், அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டே இறங்கவில்லை. எனக்கு அந்த நடை வெறும் வேண்டுதல் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நான் இன்னும் முழு மனுஷன்தான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்வது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னையே வெளியே தள்ளும் தீர்மானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அப்போ நானும் வரப்படாதா?"

அம்மா எழுந்து நின்றார். கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவை யாத்திரை முழுக்க நாங்கள் பார்த்திருந்தோம். சாப்பாட்டுக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவார். டைரி எழுதுகிறார் என்று நினைத்தோம். மூடியைக் கழற்றினார். உள்ளே ஊசி!

"இது இன்சுலின். உங்கள்ல பாதிப்பேர் பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு சுகர். உங்களோட ஷீர்டி வரைக்கும் நடந்தேனா இல்லையா? எவனாவது என்னைத் தூக்கிண்டு போனேளா? நடக்கறவனை நிறுத்தாதேங்கோ. வெறும் வயத்தோட நடக்கறதை நிறுத்துங்கோ!"

என்ன குரலய்யா அது! தமிழ்செல்வன்தான் முதலில் எழுந்தார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். அந்த போர்டை அம்மா தூக்கிப் போடவில்லை. "பெயிண்டுக்குக் காசு குடுத்தாச்சு, வீணாக்குவானேன்" என்று சொல்லி, "இல்லை" என்ற வார்த்தையை மட்டும் அடிக்கச் சொன்னார். பக்கத்தில் மூன்று வார்த்தை சேர்க்கச் சொன்னார். இப்போதும் நம் மண்டல் வாசலில் தொங்குகிறது, போகும்போது பாருங்கள். "சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதயாத்திரையில் அனுமதி உண்டு. சாப்பிட்டுவிட்டு வரவும்."

அதற்குப் பிறகு அவர் ஆட்சிதான்! கிளம்புவதற்கு முன் அவரவர் டாக்டரிடம் போய், நடக்கிற நாட்களில் மருந்தளவு என்ன என்று கேட்டு வராதவன் வரிசையில் நிற்க முடியாது. "நான் மாத்திரையை மாத்த மாட்டேன், அது உன் டாக்டர் வேலை. நீ கேட்டியான்னு பாக்கறதுதான் என் வேலை" என்பார். சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பார்ட்னர். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். ஒருவன் காரணமில்லாமல் கோபப்பட்டால்கூடப் பார்ட்னர் அவன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். என் மனைவி இன்றும் வீட்டில் இதைக் கடைப்பிடிக்கிறாள்.

வழியில் பக்தர்கள் ஷீரா என்று ரவா கேசரி கொடுப்பார்கள், பூந்தி கொடுப்பார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒரு துளி வாயில் போட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பார். "பிரசாதத்துக்கு எடை கிடையாது" என்பார்.

இசக்கியம்மாள் பேத்திக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் சர்க்கரை. காலில் முள் குத்தினால்கூடத் தெரியாது. கசாரா மலைச்சாலையில் தார் கொதிக்கிறது. என்ன சொல்லியும் கேட்கவில்லை. "சாமிகிட்ட வாக்கு குடுத்தாச்சு, மீற மாட்டேன்" என்று அழுதார். அம்மா நிதானமாகக் கேட்டார். "என்னன்னு வாக்கு குடுத்தே? அப்படியே சொல்லு."

"செருப்பு போட மாட்டேன்னு."

"ரொம்ப நன்னாப் போச்சு. செருப்பு போடாதே. ஷூ போடு!"

வக்கீல் தோற்றார் போங்கள்! அன்றிலிருந்து இசக்கியம்மாள் வெள்ளை சாக்ஸ், ஷூவோடு நடக்கிறார். ஏன் வெள்ளை? ரத்தம் கசிந்தால் உடனே தெரியும் என்பதற்காக. பாபாவும் அந்த வாக்கில் குறை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இசக்கியம்மாளின் பேத்திக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியது சாயங்கால வேளை. தங்குமிடம் வந்ததும் அம்மா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு கூப்பிடுவார். "காலைக் காட்டு!"

முதல் நாள் ஒருவனும் காட்டவில்லை. வயதில் மூத்தவர் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதா? அவர் கையால் நம் காலைத் தொடுவதா? எங்கள் அம்மாக்கள் எங்களை அப்படியா வளர்த்தார்கள்? நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வேண்டாம்மா, பாவம் வந்து சேரும்" என்றேன். அவர் என் கணுக்காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாவம் எனக்கு வரட்டும். புண் உனக்கு வர வேண்டாம்" என்றார். ஒவ்வொரு விரலிடுக்கிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். என் சொந்த பந்தம் எவரும் என் காலை அப்படிப் பார்த்ததில்லை. நான் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அம்மா ஆட்சிக்கு வந்த இத்தனை வருஷத்தில், எத்தனை பேர் சர்க்கரையோடு நடந்தார்கள்! ஒருவர் விரல் போனதா? ஒருவர் கால் போனதா? ஒருவராவது பாதியில் சாய்ந்தாரா? இல்லை! இல்லை! இல்லவே இல்லை! இதற்குப் பெயர் வெற்றி இல்லையென்றால் வேறு எதற்கய்யா பெயர் வெற்றி?

போன மாதம் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடித்து நாற்காலியில் சாய்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. செய்தி வந்ததும் ஓடினோம். ஷ்யாமளாம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நாங்கள் கால்மாட்டில் நின்றோம். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தோம். அப்போது வேல்ராஜ், யாரும் சொல்லாமலே, போனில் டார்ச்சைப் போட்டார். பார்த்தோம். குதிகால் பார்த்தோம். விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அத்தனை வருஷச் சர்க்கரை, அத்தனை தூர நடை. ஒரு கீறல் இல்லை! ஒரு வெடிப்பு இல்லை! குழந்தையின் கால் மாதிரி இருந்தது. எங்கள் காலையெல்லாம் பார்த்தவர், அன்றைக்குத்தான் எங்களுக்குத் தன் காலைக் காட்டினார்.

வரும் ராமநவமிக்குப் பாபாவின் பல்லக்கு கிளம்புகிறது. மேளத்தோடு குளுக்கோஸ் பையும் வேல்ராஜ் தோளில் இருக்கும். நம் டெம்போ டிரைவர் ஜீஷான் பாய் எப்போதும் போல, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கும் ஈரப்பானையோடு வண்டியில் பின்னால் வருவார். அந்த ஸ்டூலில் இசக்கியம்மாள் உட்காருவார். அம்மாவின் டார்ச்சை ஷ்யாமளா அவர்கள் சற்று முன் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் சர்க்கரையோடு முடங்கிக் கிடக்கும் ஒருவரையும் விடமாட்டோம், டாக்டரைப் பார்க்க வைத்துவிட்டு வாசலில் வந்து கூப்பிடுவோம். இது சிஸ்டர் வாலாம்பாள் அம்மா மேல் ஆணை!

இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பது வழக்கம். அந்த அம்மா இரண்டு நிமிஷம் மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனவே யாரும் எழுந்திருக்க வேண்டாம். செருப்பைக் கழற்றுங்கள். வயது பார்க்க வேண்டாம், ஜாதி பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் குனிந்து அவர் பாதத்தைப் பாருங்கள். தம்பி தமிழ்செல்வா, முதலில் நீ வா, ஸ்டூலை இப்படிப் போடு, கூச்சப்படாதே.

காலைக் காட்டு!